பத்து மணி ஜெபம்

தையல்காரம்மா வாசலில் நின்றபடியே நல்ல செய்தியைச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த நேரத்திலிருந்து போதகருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவள் புருஷனுக்குத் தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன், சரியாகப் பத்துக்கு ஜெபம் பண்ணுங்கள் என்று முன்கூட்டியே வந்து கேட்டிருந்தாள். கண்டிப்பாக என்று இவரும் சொல்லியிருந்தார். எடுத்த கட்டி பயப்படுகிற ரகமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், இன்று ஆளை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்களாம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பத்தானதும் என் கை நடுக்கம் நின்னுபோச்சு ஐயா. நீங்க முழங்கால்ல நிக்கிறீங்கன்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். நாளைக்குச் சபையில எந்திரிச்சு சாட்சி சொல்லப்போறேன்."

போதகர் "ஸ்தோத்திரம்" என்றார்.

அது ஒரு வசதியான வார்த்தை. ஆமாம் என்றும் ஆகும், இல்லை என்றும் ஆகும், அப்புறம் பார்க்கலாம் என்றும் ஆகும். இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் எத்தனையோ இக்கட்டில் அதைக் குடையாகப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கிறார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் முழங்காலில் நின்றது என்னவோ உண்மைதான். சபைக் கழிப்பறையில், ஒழுகுகிற குழாய்க்கு முன்னால். பிளம்பர் கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பதும், போன மாசம்தானே மாற்றினீர்கள் என்று அவரோடு மல்லுக்கட்டுவதுமாக இருந்தார். தையல்காரம்மாவின் ஞாபகம் வந்தபோது மணி பன்னிரண்டரை, முதல் கவளம் வாய்க்குள் போயிருந்தது. அப்போதாவது கண்ணை மூடியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தார். சாப்பிட்டதும் கண் தானாகவே மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எழுத உட்கார்ந்தார். இரண்டு வரி ஓடியது. எழுந்து ஜன்னலைத் திறந்தார், மூடினார். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னார். அவள் அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ தலையணை உறையை ஒரு உதறு உதறினாள்.

"ஜெபத்துல வெச்சிருக்கேன்னு நீங்க சொல்றது, ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சுங்க. வெச்சதோட சரி. அப்புறம் யாரு திறந்து பாக்குறா?"

சொல்லும்போது மனசாரத்தான் சொல்கிறேன் என்றார் அவர். சொல்லும்போது எல்லாருக்கும் மனசு இருக்கும், வாசல் தாண்டினதும்தானே சங்கதி என்றாள் அவள். பிறகு, நாளைக்குத் தையல்காரம்மா சாட்சி சொல்லப்போவது கடவுளைப் பற்றியா உங்களைப் பற்றியா என்றும் கேட்டுவைத்தாள்.

மனசு வக்கீல் வைத்து வாதாடியது. நடந்தது நல்லது, செய்தது கடவுள், அவள் விசுவாசத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? கேட்கிற நூறு பேருக்கும் அது ஆறுதல்தானே? வாதம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் சாட்சி முடிந்ததும் இன்னும் நாலு பேர் தன் கையைப் பிடித்து ஜெபத்துக்குச் சொல்லுவார்களே, அவர்களிடமும் அதே கண்டிப்பாக என்ற வார்த்தைதானே வரும் என்று தோன்றியது. எழுதினதை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு தெரு தள்ளித் தையல்காரம்மா வீடு. முன்னறைதான் கடை. புருஷன் கழுத்தில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு வாரம் பேசக் கூடாதாம். அவள் மெஷினில் ஒரு சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். போதகர் உட்காரவில்லை. குழாய், ஸ்பானர், பிளம்பர், சாப்பாடு, தூக்கம் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

குழாய் வந்த இடத்தில் புருஷனுக்குத் தோள் குலுங்கியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மெஷின் நின்றிருந்தது.

"அப்ப பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல நான் தனியாத்தான் உக்காந்திருந்தேனா?"

கடவுள் கூட இருந்தார் என்று சொல்லலாம். எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான், உண்மையும்கூட. ஆனால் இன்றைக்கு அதைச் சொல்லத் தனக்கு வாய் இல்லை என்று பட்டது.

"நான் இல்லம்மா. மன்னிச்சுக்கோங்க."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நாளைக்கு எந்திரிக்கப்போவதில்லை என்றாள். கை நடுக்கம் நின்றது நிஜம்தான், ஆனால் எதனால் என்று இப்போது தனக்கே தெரியவில்லை. தெரியாததை மைக்கில் எப்படிச் சொல்வது என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சட்டைக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னாள்.

சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு இவருக்குத் தையல் பிரிக்கிறாங்க. காலம்பூரா தையல் பிரிச்சவதான் நான், இதைப் பாக்கத் தைரியமில்ல. ஜெபத்துல எல்லாம் வெக்க வேணாம் ஐயா. வந்து பெஞ்சுல உக்காருங்க."

"வரேன்" என்றார் போதகர்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "இது கெளம்புறதுக்குச் சொல்ற வரேனா, வர்றதுக்குச் சொல்ற வரேனா?"

"வர்றதுக்கும்மா."

அந்த வார்த்தை அப்படிச் செலவாகிவிட்டதால், விடைபெறுவதற்கு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.