ஓடியவனுக்குப் பாட்டு இல்லை

சலவைக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்குப் பதினாலு பேர் கூடி, இல்லாத ஒரு நாட்டின் ராஜாங்க விவகாரங்களைத் தீர்த்துவைப்பார்கள். அந்த நாடு ‘பனிவாயில்’ என்ற ஏழு பாக மாயக்கதையில் இருக்கிறது. சொந்த வீட்டில் கூரை ஒழுகினால்கூட இவர்கள் அவ்வளவு பதற மாட்டார்கள். நாலாம் பாகத்தில் ஒற்றைக்கண் ராணி தன் தம்பியை மன்னித்தது சரியா என்று கேட்டுவிட்டால் போதும், கழுத்து நரம்பு புடைத்துவிடும்.

வாசகர் வட்டத்தின் தலைவர் கண்ணாடிக்கடைக்காரர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் மூக்கில் உட்கார்ந்திருப்பது அவர் கொடுத்த கண்ணாடிதான். பத்தொன்பது வருடமாக அவர்தான் தலைவர். தேர்தல் என்று ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் மனைவி வட்டத்தில் உறுப்பினர் இல்லை. ஃப்ளாஸ்க்கில் காபியும் காகிதக் கோப்பைகளும் கொண்டுவந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள், அவ்வளவுதான். அந்த மனைவியின் தங்கைதான் நமக்கு வேண்டியவள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. வட்டத்தில் அவளைப் ‘பல்லுக்காரி’ என்பார்கள், அவள் காதில் விழும்படியாகவே.

தலைவரிடம் ஒரு பேச்சு உண்டு. வருடம் ஒருமுறை அதை எடுத்துத் தூசு தட்டி மேடையில் வைப்பார். ஐந்தாம் பாகத்தில் எதிரிகள் கோட்டையை வளைத்துக்கொள்கிறார்கள். விடிந்து பார்த்தால் வாயிலில் காவலனும் இல்லை, சாவியும் இல்லை. அதற்குப் பிறகு உரைநடையில் எங்கும் அவன் பேச்சே கிடையாது. தலைவர் மட்டும் விடமாட்டார்.

“இருநூறு பாட்டு இருக்கு இந்தக் கதையில. சமையல்காரிக்குப் பாட்டு, கழுதைக்குப் பாட்டு. இவனுக்கு ஒண்ணு உண்டா? ஓடியவனுக்குப் பாட்டு இல்லை!”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கைதட்டல் சரியாக அங்கே விழ வேண்டும். விழும்.

வட்டத்தின் இருபதாம் ஆண்டுக்கு ஒரு பாத்திர அகராதி போடுவதென்று முடிவாயிற்று. யார் யார் எந்தப் பாத்திரத்தை எழுதுவது என்று பங்கு பிரித்தபோது, பல்லுக்காரி எழுந்து வாயிற்காவலனைக் கேட்டாள்.

“அவன் ஓடினான்னு எனக்குத் தோணல அத்தான். ஏன்னா…”

அந்த ‘ஏன்னா’வுக்கு மேல் அவள் போக முடியவில்லை.

“ஓடிப்போனவனுக்கு வக்காலத்து வாங்கணும்னு, ஓடிப்போனவனோட பொண்டாட்டிக்குத்தானே தோணும்?” என்றார் அத்தான், சிரித்துக்கொண்டே.

அவள் புருஷன் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சூட்கேஸும் வீட்டில் இருந்த நல்ல குடையுமாகக் கிளம்பிப் போனவன். அதைப் பற்றி எந்தெந்த வீட்டில் எவ்வளவு பேச வேண்டுமோ அவ்வளவும் பேசியாயிற்று, இங்கே மறுபடி வேண்டாம். பத்துப் பேர் சிரித்தார்கள். மூன்று பேர் இருமினார்கள். மரியாதை தெரிந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். கடைசி பெஞ்சில் அக்கா ஃப்ளாஸ்க் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பல்லுக்காரி உட்கார்ந்தாள். மறுநாள் பட்டறையில் மெழுகில் பல் வரிசை பதிக்கும்போதும் அந்தச் சிரிப்புதான் காதில். அன்று செய்த மேல்செட்டு யாரையோ கடிக்கப்போவதுபோல இருந்ததாக உடன் வேலை செய்கிறவள் சொன்னாள்.

அவளுக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஆறாம் பாகத்தில் ஏரிக்கரையில் ஒரு பைத்தியக்காரச் சலவைக்காரி நாற்பது வரிப் பாட்டு ஒன்று பாடுகிறாள். பொடிப்பொடியான சாய்ந்த எழுத்தில் அச்சாகியிருக்கும். காவலனுக்கு என்ன ஆயிற்று என்பது முழுக்க அதில் இருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு, எதிரிகளுக்குக் கண்ணில் படும்படி, உறைந்த ஏரிமேல் நடந்தான். துரத்தி வந்த குதிரைப்படையோடு பனி உடைந்து உள்ளே போனான். அதைப் படித்த மனுஷன் எப்படி ஓடினான் என்பார்? ஒருவேளை வேறு மாதிரிப் புரிந்துகொண்டாரோ?

பார்த்துவிடுவோமே என்று அக்கா வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, அத்தானோட ஆறாம் பாகம் ரெண்டு நாளைக்கு வேணும். என்னோடது தையல் விட்டுப்போச்சு.”

அக்கா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தாள். “பத்திரமா வெச்சுக்கடி” என்று மட்டும் சொன்னாள்.

அத்தானின் புத்தகம் போர்க்களம் மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில், கேள்விக்குறி, ‘ஆஹா!’, ‘ஒப்பிடுக’. ஆனால் பாட்டு வந்த பக்கங்களில்? ஒரு கீறல் இல்லை. பிறந்த குழந்தையின் ஈறு மாதிரி சுத்தம். சலவைக்காரி பாட்டு இருந்த இரண்டு தாள்கள் மேலோரத்தில் வெட்டுப்படாமல் ஒட்டியே இருந்தன. பத்தொன்பது வருடத்தில் ஒரு விரல் உள்ளே போகவில்லை.

மனுஷன் பாட்டு வந்தால் தாண்டிப் போகிற ஆள்!

அவள் அன்றே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அவரும் “அட, ஆமாம்ல” என்று அகராதியில் திருத்திவிட்டு, அடுத்த வாரமே அது தன் கண்டுபிடிப்பு என்று பேசியிருப்பார். அதற்கா இவ்வளவு பாடுபட்டுச் சிரிப்பு வாங்கியது? பல்லைக் கடித்துக்கொண்டாள். தாள்களைப் பிரிக்காமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் எழுந்து மன்னிப்புக் கேட்டாள். “நான்தான் சரியாப் படிக்காம பேசிட்டேன் அத்தான்.” அன்றிலிருந்து ஆறு மாதம் ஐஸ் வைத்தாள் பாருங்கள், அப்படி ஒரு ஐஸ்.

“அகராதிக்கு முன்னுரையே உங்க பேச்சுதான் அத்தான். வேற யாருக்கு அந்தத் தகுதி?”

“சேச்சே, என்னம்மா நீ…”

“பின் அட்டையில ஒரே ஒரு வரி போதும். ஓடியவனுக்குப் பாட்டு இல்லை. பெரிய எழுத்துல. கீழ உங்க பேரு.”

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும், இல்ல?” என்றார். அச்சுப்பிழை பார்த்தவளும் அவள்தான். ஒரு கால்புள்ளி தப்பவில்லை. முந்நூறு பிரதி வந்து இறங்கின.

வெளியீட்டுக்குப் பள்ளிக்கூட அரங்கை எடுத்திருந்தார்கள். பக்கத்து வட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்து எண்பது நாற்காலியும் நிறைந்துவிட்டன. பாதிப் பேர் மடியில் ஏழு பாகமும் பையோடு இருந்தன. தலைவர் பேசினார், கண்ணாடியைத் துடைத்தார், கைதட்டல் விழுந்தது. செயலாளரான டிரைவிங் ஸ்கூல்காரர் மைக்கைப் பிடித்து, “கேள்வி இருந்தா கேக்கலாம், அப்புறம் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தருவார்” என்றார்.

பல்லுக்காரி ஆறாம் பாகத்தைத் திறந்து மேடைக்கு எடுத்துப் போனாள்.

“கேள்வி இல்ல அத்தான். ஒரு ஆசை. இந்தப் பாட்டை உங்க குரல்ல கேக்கணும்.”

குரலைப் புகழ்ந்தால் எந்த மேடைக்காரன் மாட்டேன் என்பான்? தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தார்.

“கதவுக்குப் பூட்டு உண்டு, ஏரிக்குப் பூட்டு இல்லை;
சாவியைத் தேடி வந்தோர் சாவியோடு உறங்குகிறார்.
அடியில் காவலன் நிற்கிறான், விரல் இன்னும் விரியவில்லை;
மேலே நடக்கும் மக்களே, மெல்ல நடங்கள்…”

மூன்றாவது வரியிலேயே குரலில் இருந்த காற்று இறங்கிவிட்டது. நாலாவது வரி அவருக்கே கேட்டிருக்காது. அரங்கில் சரசரவென்று பக்கம் புரளும் சத்தம். எல்லோரும் அவரவர் ஆறாம் பாகத்தில் அந்த இடத்தைத் தேடினார்கள். தேடிய அழகிலேயே தெரிந்தது, அத்தனை பேரும் தாண்டிப் போனவர்கள்தான் என்று.

“ஓடினவனை எனக்கு நல்லாத் தெரியும் அத்தான்” என்றாள் பல்லுக்காரி, மைக்கில். “கூடவே குடித்தனம் பண்ணியிருக்கேன். இவன் ஓடல.”

இதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் தன் குட்டும் வெளிப்படும் என்று தெரிந்தால் மனுஷர்கள் எவ்வளவு சீக்கிரம் பெருந்தன்மையாகிவிடுகிறார்கள்!

“பாட்டெல்லாம் யாருங்க படிக்கிறாங்க?” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். “அது ஒரு அலங்காரம்.”

“அதானே” என்றது முன்வரிசை.

தலைவருக்கு மூச்சு வந்தது. “இது ஒரு பைத்தியக்காரி பாடுறது. இதை எப்படி ஆதாரமா எடுத்துக்கிறது? இதுக்கு மேல என்ன வருதுன்னு…” பக்கத்தைத் திருப்பத் தெரியாமல் நின்றார்.

“அவன் பெயரைக் கேட்காதீர், பனிக்குப் பெயர் பிடிக்காது;
அழைத்தால் எழுந்திடுவான், ஆணை இன்னும் முடியவில்லை.”

கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். அக்கா. கையில் புத்தகம் இல்லை, காபிக் கோப்பைதான் இருந்தது. நாற்பதில் மிச்சமிருந்த வரிகளையும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். எண்பது தலைகளும் திரும்பின.

“உனக்கு… இது எப்பத்துலேருந்து தெரியும்?” தலைவர் மைக் இருப்பதையே மறந்துவிட்டார்.

“கல்யாணமான வருஷத்துலேருந்து. லைப்ரரி புஸ்தகத்துல படிச்சேன். அப்பவே சொல்ல வாயைத் தொறந்தேங்க. காபியில சக்கரை பத்தலைன்னீங்க.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கே சிரித்தது. தங்களையும் சேர்த்துத்தான் சிரிக்கிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை, அல்லது உறைத்ததால்தான் அவ்வளவு சத்தம். இருமல் ஒன்றுகூட இல்லை. தலைவர் நாற்காலியைத் தடவித் தடவி உட்கார்ந்தார்.

பல்லுக்காரி சிரிக்கவில்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள்.

“அப்போ அன்னைக்கு அவர் என்னை அப்படிச் சொன்னப்பவும் உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேக்கா. எல்லாரும் சிரிச்சாங்களே. நீ மூடியைத் திருகிட்டு இருந்தே.”

அக்கா காபியை ஒரு வாய் குடித்தாள். “அன்னைக்குப் பேசியிருந்தா பதினாலு பேரு. பேசி, மறந்திருப்பாங்க. நீ வந்து ஆறாம் பாகத்தைக் கேட்டே பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவ நம்மளை விட நல்லாப் பண்ணுவான்னு. அட்டையில போடணும்னு எனக்குத் தோணியிருக்காதுடி.”

பாராட்டுதான். ஆனால் பல்லுக்காரி ஓர் அடி பின்னால் நகர்ந்து அக்காவைப் பார்த்தாள். ஆறு மாதம் ஒரு கோபத்தைக் காப்பாற்றியதற்கே அவளுக்கு இரண்டு கிலோ குறைந்துவிட்டது. இவள் பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து, புன்சிரிப்போடு ஃப்ளாஸ்க் நிரப்பியிருக்கிறாள். அத்தானிடமிருந்து வந்த அடிக்கு இன்று பதில் கொடுத்தாயிற்று. வாயைத் திறக்காமல் இருந்தே அக்கா வாங்கிக் கொடுத்த அடியை எந்தக் கணக்கில் வைப்பது?

மேடையில் டிரைவிங் ஸ்கூல்காரர் எதையாவது செய்து நிகழ்ச்சியை நகர்த்தியாக வேண்டுமே என்று, “கையெழுத்து வேணுங்கறவங்க வரிசையா வாங்க” என்று கூவினார். யாரும் அசையவில்லை.

பல்லுக்காரி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனாள். புத்தகத்தைக் கவிழ்த்து, பின் அட்டையை அத்தான் முன்னால் வைத்தாள்.

“இந்த வரிக்குக் கீழேயே போடுங்க.”

அவர் பேனாவைத் திறந்தார். தலை நிமிராமல், “உன் பேருக்கா?” என்று கேட்டார்.

“எனக்கு இல்ல. அக்காவுக்கு. வீட்டுல கூடத்துல வெக்கட்டும். தினமும் ரெண்டு பேரும் பாருங்க.”