மாப்பிள்ளை பக்கத்து ஆள்

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது டீச்சரின் கணவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே இருந்த ஏசி பெட்டியைக் கழற்றி உள்ளே இழுத்தபோது, சொடக்குப் போட்டது போல ஒரு சத்தம் கேட்டதாம். அதற்குப் பிறகு அவன் நிமிரவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் படுக்கை, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்றார்.

"பிளேன்ல படுத்துக்கிட்டே போக முடியாதா டாக்டர்?" என்று கேட்டான்.

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கல்யாணம் அவனுடைய சிநேகிதனுக்கு. இருவரும் ஒரே தொழிற்பயிற்சிக் கூடத்தில் ஃப்ரிட்ஜ், ஏசி வேலை படித்தவர்கள். சிநேகிதன் ஆறடி இரண்டங்குல உயரம், அதற்கேற்ற சதை கிடையாது. அதனால் அங்கேயே அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் விழுந்தது. நாளடைவில் குச்சி உதிர்ந்து ஒட்டடை மட்டும் மிஞ்சியது. பதினேழு வருடத்துக்கு முன்னால் வெளிநாடு போனவனுக்கு நாற்பத்தைந்து வயதில் இப்போதுதான் கல்யாணம்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஆளுக்கு முக்கால் மணி நேரம். யார் எதில் இடிக்கப் போனாலும் குரலை உயர்த்தாமல் "பிரேக்" என்று மட்டும் சொல்லக்கூடியவள். ஒட்டடையை அவளுக்குப் பிடிக்காது. பெண் பார்த்த சமயத்தில் கணவன் வெளிநாட்டுக்கு அனுப்பிய அவள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சிரிக்கவே மாட்டா போலிருக்கே, யோசிச்சுக்கோடா" என்று சொன்னவன் அவன். கணவன் அதை ஒரு தமாஷாக நினைத்துக் கல்யாணமான முதல் வாரமே அவளிடம் சொல்லிவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா விழுந்திருந்தது. "நீ மட்டுமாவது போயிட்டு வா" என்றான் கணவன், கூரையைப் பார்த்தபடி.

"உங்க ஃப்ரெண்டு கல்யாணத்துல எனக்கென்ன வேலை?"

"அவன் பக்கம் நிக்க ஒரு ஆள் கிடையாது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாச்சு. அக்கா பேசறதில்லை."

"அக்கா ஏன் பேசறதில்லைன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்ல? அப்ப போயிட்டு வா" என்றான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அக்கா வீட்டுக்காரரின் தங்கையைத்தான் ஒட்டடைக்குப் பேசியிருந்தார்கள். நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்னால், யாரிடமும் சொல்லாமல் அவன் விமானம் ஏறிவிட்டான். புகுந்த வீட்டில் அக்கா தலை நிமிரப் பல வருடங்கள் ஆயின.

பக்கத்து வீட்டு அத்தை கணவனுக்குச் சாப்பாடு கொடுப்பதாக ஒப்புக்கொண்டாள். டீச்சர் புறப்பட்டாள். அதுதான் அவளுக்கு முதல் விமானப் பயணம். விமானம் எழும்பும்போது வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

ஒட்டடை கம்பெனி வேனில் வந்திருந்தான். வேன் தலைமேல் இரண்டு ஏணிகள் கட்டியிருந்தன. கணவன் வரவில்லை என்று போனில் அவனுக்கு நாலு தடவை சொல்லியாயிற்று. இருந்தாலும் அவள் வெளியே வந்ததும் அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தான்.

"வாங்க அண்ணி. பயணம் எப்படி? சாப்பாடு குடுத்தாங்களா? தூங்கினீங்களா? அவன் எப்படி இருக்கான்?"

நாலு கேள்விக்கும் சேர்த்து அவள் "இருக்கார்" என்றாள்.

ஒட்டடை வண்டி ஓட்டுவது அவளுக்குக் கண்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை. சிக்னல் போடாமல் திரும்பினான். முன்னால் போகும் வண்டியின் முதுகை முகர்ந்துகொண்டே போனான். மூன்றாவது சந்திப்பில் "பிரேக்" என்றாள். அவன் யோசிக்காமல் மிதித்தான். அதற்குப் பிறகு வீடு வரும்வரை சிக்னல் போட்டே திரும்பினான்.

தன் வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, அவன் கூட வேலை பார்க்கும் பிளம்பரின் வீட்டில் தங்கிக்கொண்டான். வீடு நாலாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. டீச்சர் குப்பையை எதிர்பார்த்திருந்தாள். ஆனால் தரை துடைத்து, கட்டிலில் புது விரிப்புப் போட்டு, குளியலறையில் உறை பிரிக்காத சோப்பு வைத்திருந்தான். சுவிட்சுகளின் மேல் எது எந்த விளக்கு என்று கோணல் கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தான். பீரோவில் ஒரு பாதி காலியாக இருந்தது. அந்தப் பாதியில் இருபது ஹேங்கர்கள் வெறுமனே தொங்கின. பிடிக்காத ஒருவனைப் பற்றி இப்படி ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வது அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பீரோவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒட்டடை மணப்பெண்ணை அழைத்து வந்தான். பஸ் டிப்போவில் டைம் கீப்பர் அவள். யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. முதல் கல்யாணம் நாலு வருடத்தில் முறிந்துவிட்டதாகப் போனிலேயே சொல்லியிருந்தான்.

"மாப்பிள்ளை பக்கம்னு நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. முதல் தடவையா கையெழுத்துப் போடற இடத்துல பார்த்தா நல்லா இருக்காதேன்னு வந்தேன்க்கா" என்றாள். பிறகு ஒட்டடையைப் பார்த்து, "டீ போடலாம், பால் இல்லையே" என்றாள். அவன் துள்ளிக் கிளம்பினான்.

கதவு சாத்தியதும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "கடை எதிர்லதான். போக வர அஞ்சு நிமிஷம். இந்நேரத்துக்கு வரிசை இருக்கும், பத்துன்னு வெச்சுக்கலாம். அதுக்குள்ள ஒண்ணு கேட்டுடறேன்க்கா. இவருக்கு முன்னாடி ஒரு சம்பந்தம் பேசினாங்களாம். பொண்ணு வீட்டுக்காரங்க, வெளிநாட்டுக்குப் போற மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லி நின்னு போச்சாம். நெஜமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான். டீச்சர் சமையலறை மேசை மேலிருந்த உப்பு டப்பாவைப் பார்த்தாள். ஒட்டடையைப் பற்றிச் சொல்ல அவளிடம் பதினாறு வருடச் சரக்கு இருந்தது. கேட்கவும் ஆள் வந்தாயிற்று. ஆனால் வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை.

"அவர் வரட்டும்மா. அவரையே கேளுங்க."

"அப்ப இல்லைன்னு அர்த்தம்."

"நான் அப்படிச் சொல்லலை."

"நீங்க எதுவுமே சொல்லலைக்கா" என்றாள் டைம் கீப்பர். அதற்கப்புறம் இருவரும் காத்திருந்தார்கள். அவன் வர ஒன்பது நிமிடம் ஆயிற்று.

கையில் இரண்டு பால் பாக்கெட்டுடன் உள்ளே வந்தவனிடம் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். அவன் டீச்சரைப் பார்த்தான்.

"அண்ணி..."

"நான் ஒண்ணும் சொல்லலை."

ஒட்டடை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பால் பாக்கெட்டுகளைக் கீழே வைக்கவில்லை. "பொண்ணு வீட்டுல ஒண்ணும் சொல்லலை" என்றான். "நான்தான் ஓடிட்டேன்."

"ஏன்?"

"பயம்."

"எதுக்கு?"

"அதான் இன்னிக்கு வரைக்கும் தெரியலை. விசா வந்துடுச்சு. நிச்சயத்தை முடிச்சுட்டுப் போன்னாங்க. பந்தல்காரன் கம்பு இறக்கறதைப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரியே பெட்டி கட்டிட்டேன். காலையில பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது இவங்க வீட்டுக்காரன்தான்."

டீச்சர் நிமிர்ந்தாள். இது அவளுக்குத் தெரியாது.

"அப்புறம் பொண்ணு வீட்டுல யார் போய்ச் சொன்னாங்க?" என்று கேட்டாள் டைம் கீப்பர்.

"அவன்தான். நான் சொல்லச் சொல்லலை. அவனாப் போயிருக்கான். அந்தப் பொண்ணோட சின்ன அண்ணன் கை நீட்டிட்டான். ஒரு பல்லு போச்சு."

டீச்சரின் கணவனுக்கு முன்பல் ஒன்று கட்டிய பல். கம்ப்ரஸர் மூடி தெறித்து விழுந்ததில் போனது என்று அவளிடம் சொல்லியிருந்தான். பல் டாக்டரிடம்கூட அவள் முன்னால் அப்படித்தான் சொன்னான். பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அந்தப் பல்லைப் பற்றி வேறு விதமாக நினைக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. கோபம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. நாக்கால் தன் முன்பல்லை ஒரு முறை தடவிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்காங்க?" என்றாள் டைம் கீப்பர்.

"தெரியாது."

"கேட்டதே இல்லையா?"

"இல்லை."

"பதினேழு வருஷமா?"

பால் பாக்கெட்டுகளிலிருந்து ஈரம் அவன் பேன்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. டைம் கீப்பர் எழுந்து அவன் கையிலிருந்து பாலை வாங்கி வைத்தாள். "ஓடினதைக்கூட விடுங்க. எனக்குப் பொய் சொன்னதைக்கூடப் பார்த்துக்கலாம். கேக்கவே இல்லைங்கிறீங்களே. உங்க அக்காவுக்குப் போன் போடுங்க."

"எடுக்க மாட்டா."

"போடுங்க."

அக்கா எடுத்தாள். சின்னச் சமையலறை என்பதால் அவள் குரல் மற்ற இருவருக்கும் கேட்டது. அவன் "அக்கா" என்றான். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று போய் அடங்கியது. "சொல்லு" என்றாள். அவன் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டான். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள், சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்றாள் அக்கா. "இப்ப எதுக்குக் கேக்கறே?"

"நாளைக்கு எனக்குக் கல்யாணம்க்கா."

"பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொன்னியா?"

"இப்பத்தான் சொன்னேன்."

"சரி" என்றாள் அக்கா. "அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

டைம் கீப்பர் பையை மாட்டிக்கொண்டாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு டோக்கன். பத்து அம்பதுக்கு நான் அங்க இருந்தா இருப்பேன். நீங்களும் யோசிச்சுக்கோங்க. ஓடறதா இருந்தா, இந்த அக்காவையாவது ஏர்போர்ட்ல விட்டுட்டு ஓடுங்க." டீ குடிக்காமலே போய்விட்டாள். டீச்சருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

காலையில் ஒட்டடை எட்டு மணிக்கே வந்துவிட்டான். புதுச் சட்டையின் கைகள் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றன. வேன் சாவியைத் தவறவிட்டு இரண்டு தடவை குனிந்து எடுத்தான். "வண்டியை நீங்க எடுக்க வேண்டாம். பஸ்ல போகலாம்" என்றாள் டீச்சர். அவன் சாவியைக் கொடுத்துவிட்டான்.

பதிவு அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. சுவரோரமாக இரும்பு நாற்காலிகள், எண் ஓடும் பலகை, காகிதக் கோப்பை நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி. பிளம்பர் முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தார். பத்து ஐம்பதுக்கு யாரும் வரவில்லை. பத்து ஐம்பத்தைந்துக்கும் வரவில்லை. ஒட்டடை நின்றுகொண்டே இருந்தான். வாசலைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்தான்.

"ஓடணும்னு தோணுதா?" என்று டீச்சர் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

"இல்லை அண்ணி. உக்காரணும்னு தோணுது. உக்காந்தா எந்திரிக்க முடியாதோன்னு நிக்கறேன்."

பதினொன்று நாலுக்கு டைம் கீப்பர் படியேறி வந்தாள். கூட அவள் அம்மாவும் டிப்போவிலிருந்து மூன்று பேரும். நீல நிறப் புடவை. "பஸ் லேட்" என்றாள். டிப்போக்காரர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி ஆளுக்கொரு சாட்சி கேட்டார். ஒட்டடை டீச்சரைக் காட்டுவதற்குள் டைம் கீப்பர் முந்திக்கொண்டாள். "இவங்க எனக்குப் போடட்டும்."

"மாப்பிள்ளை பக்கத்துல இருக்கறதே ஒரு ஆளு. அவங்களையும் நீ எடுத்துக்கிட்டா எப்படி?" என்றான் ஒட்டடை.

"நேத்து எனக்குப் பொய் சொல்லாம இருந்தது இவங்க ஒருத்தர்தான். உங்களுக்குப் பிளம்பர் அண்ணன் போடுவாரு."

பிளம்பர் ஏற்கெனவே பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். எல்லாம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. பிறகு பக்கத்துத் தெரு ஹோட்டலில் எட்டுப் பேரும் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டுச் சாப்பிட்டார்கள். டைம் கீப்பரின் அம்மா, மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் உடம்பு வைத்தால் தேவலை என்று டீச்சரிடம் குறைப்பட்டாள். "வைக்காதும்மா, முயற்சி பண்ணாதீங்க" என்றாள் டீச்சர்.

நான்காவது நாள் அவள் ஊர் திரும்பினாள். கணவன் இன்னும் படுக்கையில்தான் இருந்தான். தலைக்கு இரண்டு தலையணை வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தான். கல்யாணத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் கேட்டான். அவளும் சொன்னாள். கடைசியாக, "பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனது நீங்கதானாமே" என்றாள்.

அவன் கூரையைப் பார்த்தான். "உளறிட்டானா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உனக்கு ஏற்கெனவே அவனைப் பிடிக்காது. இதுவும் சேர்ந்தா என்னையும் பிடிக்காமப் போயிடுமோன்னுதான்."

"அவரை ஏன் நிறுத்திவெக்கலை?"

"நிறுத்தலாம்தான். நிறுத்தியிருந்தா அந்தப் பொண்ணை அரைமனசோட கட்டியிருப்பான். அவ வாழ்நாள் பூரா அதைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும்."

"அவங்க வீட்டுக்குப் போய் என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? வரமாட்டான்னு சொன்னேன். அவங்கம்மா உக்காரச் சொல்லித் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. குடிச்சு முடிக்கற வரைக்கும் அண்ணங்காரன் பொறுமையா இருந்தான்."

டீச்சருக்குச் சட்டென்று அந்தக் கம்ப்ரஸர் மூடியைப் பற்றிக் கேட்க வந்தது. கேட்கவில்லை. எழுந்துபோய்ப் பையைப் பிரித்து, துவைக்க வேண்டிய துணிகளைத் தனியாக எடுத்துப் போட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் வகுப்பு. ரிவர்ஸ் எடுக்கப் பயப்படுகிற ஒரு பெண்.