வீட்டில் நான் மட்டும்

யோகேஸ்வரன் பெர்த்திலிருந்து வந்து இறங்கிய அன்றே வீட்டில் சாமான்கள் இடம் மாறத் தொடங்கின. அக்கா பிரேமாவதியின் புடவைகளும் கையுறைத் தொழிற்சாலைச் சீருடைகளும் இரண்டு பைகளில் ஏறி, அடுப்படிக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போயின. கூடத்தில் மாட்டியிருந்த அவள் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் தன் குடும்பப் படத்தை மாட்டினான்.

"ரெண்டு நாள்தான் அக்கா. ஆபிசர் வந்து பாத்துட்டுப் போனதும் எல்லாத்தையும் பழையபடி வச்சிடலாம்."

"ஏன்டா, நான் இருந்தா உன் சோலாருக்கு வெயில் அடிக்காதா?" என்று சிரித்தாள் பிரேமாவதி.

சிடாம் கிரியில் இருக்கும் அந்த வீடு அவன் பெயரில் இருந்தது. கூரையில் சோலார் போட்டால் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் கொடுக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். யோகேஸ்வரனோ மனைவி மக்களோடு பெர்த்தில் குடியேறி வருஷக்கணக்காகிவிட்டது. வேறு யாராவது இருப்பதாகத் தெரிந்தால் வாடகைக்கு விட்டிருப்பதாக நினைப்பார்கள் என்று, வீட்டில் தான் மட்டும் இருப்பதாக மனுவில் எழுதிவிட்டான்.

பிரேமாவதிக்கு அது பெரிய பொய்யாகப் படவில்லை. பாடாங் மேஹா தோட்டத்தில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது இந்த வீட்டை வாங்கியவன் அவன். "பேருக்குத்தான் அக்கா என் வீடு. இருக்கப்போறது நீதான்" என்றான். புதுமனை புகுந்த அன்று அவன் மனைவி ஷீலா ஒதுங்கிக்கொள்ள, பிரேமாவதிதான் பால் காய்ச்சினாள். பால் பொங்கியதும் தம்பி அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பத்திரம் என்று ஒன்று இருப்பதையே அவள் மறந்துபோனாள்.

இந்த நாடகத்தைப் பற்றி ஹேமநாதனிடம் சொல்லிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. சுங்கை பட்டாணியில் கடை வைத்திருக்கும் சோலார் கொன்ட்ராக்டர் அவர். வாரம் முழுக்க அந்தக் கூரையில் ஏறி இறங்கி, பிரேமாவதி போட்ட டீயைக் குடித்தவர். எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் அந்த வீட்டுப் பெண் கையால் சூடம் காட்டச் சொல்லி, பிறகு சுவிட்சைப் போடவைப்பது அவர் வழக்கம்.

மறுநாள் காலை வந்த ஆபிசர் ஓர் இளம் மலாய்ப் பெண். கூரையைப் பார்த்தாள், படம் எடுத்தாள், யோகேஸ்வரனிடம் கேள்வி கேட்டாள். அவன் தடுமாறாமல் பதில் சொன்னான். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் இருந்த இன்வெர்ட்டர் பெட்டிக்கு ஹேமநாதன் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மேலே ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அக்கா, வாங்க. வீட்டுக்காரம்மா கையால சூடத்தக் காட்டிட்டு சுவிட்சப் போடுங்க."

ஆபிசர் புருவத்தை உயர்த்தியதும், அவளுக்குப் புரியட்டும் என்று ஹேமநாதன் மலாயிலும் சொன்னார்: இந்த அக்காதான் இங்கே ரொம்ப வருஷமாக இருக்கிறவர், வீட்டை இவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"இவங்க யாரு?" என்று யோகேஸ்வரனிடம் கேட்டாள் ஆபிசர்.

பிரேமாவதி சூடத் தட்டோடு வாசலில் நின்றாள். அக்கா, பார்க்க வந்திருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்துவிடுவான் என்று நினைத்தாள்.

"ஓராங் காஜி" என்றான் யோகேஸ்வரன். வேலைக்காரி. காலையில் வந்து கூட்டிப் பெருக்கி, சமைத்து வைத்துவிட்டுச் சாயங்காலம் போய்விடுவாள் என்று விளக்கமும் சொன்னான்.

ஹேமநாதன் கிழித்த தீக்குச்சி விரலைச் சுடும்வரை எரிந்தது.

ஆபிசர் அவள் பக்கம் திரும்பினாள். "அப்படியா மக்சிக்?"

அத்தை முறை வைத்து மரியாதையாகத்தான் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பியின் மனு அங்கேயே செத்துப்போகும். யோகேஸ்வரன் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்" என்றாள் பிரேமாவதி. தட்டைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவனே சூடத்தை ஏற்றி அவசரமாகச் சுற்றிக் காட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

ஆபிசர் போன பிறகு ஹேமநாதன் அடுப்படி சன்னலோரம் வந்து நின்றார். "தெரியாமப் போச்சு லா அக்கா. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன்."

"நீங்க கூப்பிட்டதுல தப்பில்ல தம்பி. டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடிக்கவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் தம்பியிடம் கேட்டாள். "அக்கான்னு சொல்லியிருக்கலாமே."

"அந்தாளு ரொம்ப வருஷமா இருக்காங்கன்னு உளறிட்டாரே. அக்கான்னா நீ இங்கயே குடியிருக்கறதா எழுதிடுவாங்க. ஓராங் காஜின்னா சாயங்காலம் போயிடுவாங்க, பிரச்சினை இல்ல. இதப் போய் மனசுல வச்சுக்காத லா."

"யோசிச்சு வச்சிருந்தியா?"

"சேச்சே, இல்லக்கா. சட்டுனு வாயில வந்துச்சு."

யோசித்துச் சொன்ன பொய் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் நண்டுக் குழம்பை ஊற்றினாள்.

அவன் தூங்கப் போனதும், செமிலிங்கில் இருக்கும் புஷ்பவள்ளிக்குப் போன் செய்தாள். தொழிற்சாலையில் அவளோடு ஒரே ஷிப்டில் நிற்கிறவள்; இன்று பிரேமாவதி மட்டும் லீவு. வேலை முடித்து வருகிற வழியில் காரைக் கொண்டுவரச் சொன்னாள். மூட்டை கட்டும் வேலை இருக்கவில்லை. அதைத் தம்பியே செய்து முடித்திருந்தான். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கூடத்தைப் பெருக்கினாள். சாமான் அறையிலிருந்து தன் படத்தை எடுத்துத் தூசி தட்டிப் பைக்குள் வைத்தாள்.

கார் ஹாரன் சத்தத்தில் யோகேஸ்வரன் எழுந்து வந்தான். "பாசாருக்கா அக்கா? எனக்கு அப்பம் வாங்கிட்டு வா."

"பொழுது சாஞ்சிருச்சு தம்பி. வேலைக்காரி போற நேரம்."

அவன் சிரித்தான். அவள் இரண்டு கையிலும் பையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"விளையாடாத அக்கா. எங்க போற? நாளைக்கு எனக்கு பிளேன். வீட்ட யாரு பாத்துக்கறது?"

"இங்க நீ மட்டும்தான இருக்க" என்றாள் பிரேமாவதி. இன்வெர்ட்டர் மேல் இருந்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் சாவியை வைத்துவிட்டு, புஷ்பவள்ளியின் காரை நோக்கி நடந்தாள்.