ஒரு ரூம்னா முழு ரூம்

அக்காவுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்ததும், "சாமான் கட்டுறதை என்கிட்ட விட்டுடுங்க, யாரும் கை வைக்கக் கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவருக்குப் பொருள் கட்டும் வேலை. யார் யார் வீட்டுக் கண்ணாடிச் சாமானோ அவர் கைபட்டு உடையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொந்த வீட்டில் அந்தத் திறமையைக் காட்டத்தான் அவருக்கு வாய்ப்பே வந்ததில்லை. நாங்கள் வீடு மாறியதே இல்லை.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே அறை. அவள் கட்டிலில் படுப்பாள், நான் கீழே மெத்தை விரித்துக்கொள்வேன். அலமாரியில் மேல் தட்டு அவளுடையது, கீழ்த் தட்டு என்னுடையது என்று பேருக்கு ஒரு பாகப்பிரிவினை உண்டு. துணிகளுக்கு அது தெரியாது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே எழும்பாது. ஒரு நாள் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தேன், அதற்குப் பிறகு போகவில்லை. அக்கா சத்தம் போட்டுப் படிப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் துணி மடிப்பேன். அந்தச் சத்தம் இனிமேல் இருக்காது என்பதுதான் அந்த வாரம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா எங்கள் இருவரையும் கடைக்கு அழைத்துப் போனாள். பக்கெட், பூட்டு, கொடிக்கயிறு எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பினால், கூடத்தில் ஏழு பெட்டிகள். கனமானவை கீழேயும் லேசானவை மேலேயுமாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் தடித்த பேனாவால் 'பிள்ளைங்க ரூம்' என்று எழுதியிருந்தது. அப்பா கம்பெனிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"போய்ப் பாருங்க. ஒரு துரும்பு இருக்காது."

இருக்கவில்லை. கட்டிலும் அலமாரியும் மட்டும் நின்றன. கீழ்த் தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாள்கூட இல்லை. என் மெத்தை, என் போர்வை, என் சீப்பு, கதவுக்குப் பின்னால் தொங்கும் என் நீலப் பாவாடை எதையும் காணோம். பாவாடை தொங்கிய ஆணியையும் பிடுங்கியிருந்தார்.

"ஏங்க, போறது ஒருத்திதானே?" என்றாள் அம்மா.

"ஆமா."

"ரெண்டு பேரோடதையும் சேர்த்துக் கட்டி வெச்சிருக்கீங்களே. இவ எங்க போறா?"

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் பெட்டிகளைப் பார்த்தார். "எங்க வேலையில ஒரு ரூம்னா முழு ரூம்தான். கை அது பாட்டுக்குப் போயிடுச்சு."

"கை போச்சு, சரி. கண்ணு எங்க போச்சு? இன்னொருத்தி இங்கேயேதான் இருக்கப்போறாங்கிறது ஞாபகத்துக்கு வரலையா?"

அம்மா கேட்டதைத்தான் நானும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். "பரவாயில்லப்பா" என்றேன். காலி அறையின் வாசலில் நின்றிருந்ததால் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் கத்தியை எடுத்து ஒரு பெட்டியின் டேப்பில் வைத்தார். வைத்தவர் வெட்டவில்லை. "இவ துணியைச் சுத்தித்தான் அவ விளக்கை வெச்சிருக்கேன். எல்லாத்தையும் பிரிச்சாத்தான் உண்டு."

"விடுங்கப்பா" என்றாள் அக்கா. "அங்க போய்ப் பிரிச்சுக்கலாம். இவளும் வரட்டும். கம்பெனி வேன்லதானே போறோம், முன் சீட்டுல நெருக்கி உட்கார்ந்தா ஆச்சு. என்னடி, வர்றியா?"

தலையாட்டினேன்.

அன்றைக்கு அம்மாவின் புடவையை விரித்து, தலையணை இல்லாமல் இருவரும் ஒரே கட்டிலில் படுத்தோம்.

விடுதி அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேஜை. பெட்டிகளைப் பிரிக்கப் பிரிக்க அக்காவுடையதை ஒரு பக்கமும், காலியாகக் கிடந்த அடுத்த கட்டிலில் என்னுடையதையும் வைத்துக்கொண்டே வந்தோம். சாவிக்கொத்தோடு வார்டன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் என்ன படிக்கப்போறீங்க?"

நான் கையிலிருந்த போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"நான் மட்டும்தான் மேடம். இவ என் தங்கச்சி. சாமானோட சாமானா வந்துட்டா" என்றாள் அக்கா.

"அப்ப சாமானோடயே திருப்பி அனுப்பிடு. அந்தக் கட்டிலுக்கு ஆள் சாயந்தரம் வருது" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். மெத்தைச் சுருளையும் போர்வையையும் தள்ளிவிட்டால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா உன்னோடது?"

"ஆமாப்பா."

"ஏழு பெட்டியில கலந்து கிடந்தப்ப தெரியல."

ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்துக் கட்ட ஆரம்பித்தார். பாவாடையை நீவி மடித்தார். சீப்பை எடுத்து, கண்ணாடிச் சாமான் சுற்றும் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்.

"அப்பா, அது சீப்பு. உடையாது."

"தெரியும்" என்று இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அக்கா தன் தலையணைகளில் ஒன்றை அதே பெட்டிக்குள் அமுக்கினாள். "வீட்டுக் கட்டில் இனிமே உனக்குத்தான். நான் திரும்பி வந்து கேட்டா தரமாட்டேன்னு சொல்லு."

"நீ வந்தா நான் கீழ படுத்துக்கறேன்."

"லூசு. நான் விருந்தாளியா வருவேன். விருந்தாளிதான் கீழ படுக்கணும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கெட்டைத் துடைத்தாள். அது புதுப் பக்கெட்.

டேப் ஒட்டி முடித்து அப்பா பேனா மூடியைக் கழற்றினார். பெட்டியின் மேல் எதுவும் எழுதாமல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு பெரிய எழுத்தில் 'சின்னவ ரூம்' என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார்.

திரும்பும்போது பெட்டி என் மடியில் இருந்தது. முன் சீட்டில் இப்போது நிறைய இடம்.

"அப்பா, அந்த ஆணி எங்க?"

ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சட்டைப் பையைத் தட்டினார். அங்கேதான் இருந்தது. "பழைய இடத்துலயே அடிச்சிடவா? இல்ல வேற எங்கயாச்சும் வேணுமா?"

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சாலையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் யோசித்தேன்.

"ஜன்னல் பக்கம்" என்றேன்.