இடது விங்கில் கடல்

தாழந்துறை யாகப்பர் கால்பந்து கிளப் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியதற்கு அடுத்த சீசனில், இடது விங்கில் கடல் ஆடியது. பதினொன்றாம் நம்பர் சட்டை அதற்குத்தான் கொடுக்கப்பட்டது. அதுவரை அந்தச் சட்டையைப் போட்டிருந்தவன் ததேயு.

ததேயுவுக்கு வயது முப்பத்துமூன்று. காலையில் வள்ளத்தில் போய் மீன் பிடிப்பான், சாயங்காலம் கிளப்புக்கு ஆடுவான். கிளப் இறங்கிய சீசனில் அவனுடைய வலது முழங்கால் முட்டு பாதியிலேயே வீங்கிவிட்டது. இடதுபக்கம் ஓட வேறு ஆளில்லாமல் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார்கள். இறங்கியது உறுதியான அன்று ஊரில் யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. டீக்கடையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். அவனை மிகவும் வருத்தியது அதுதான்.

புதிய கோச்சாக எட்வின் சார் வந்தார். ரயில்வே அணியில் ஆடி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். தாழந்துறை மைதானம் கரையை ஒட்டியது. இடது கோட்டுக்கு அப்புறம் மணல், மணலுக்கு அப்புறம் கடல். வந்த முதல் வாரம் அவர் யாரையும் ஓடச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து இடதுபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் கேப்டன் கிளீட்டஸைக் கூப்பிட்டார்.

"இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?"

"எங்க அப்பா காலத்துலேயே உண்டு சார்."

"ஒரு தடவைகூட யாரும் டீமுக்குக் கூப்பிடலியா?"

கிளீட்டஸ் யோசித்துப் பார்த்தான். "கூப்பிடல சார்," என்றான், கொஞ்சம் வெட்கத்தோடு.

லீக் அலுவலகத்தில் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. உள்ளூர் ஆட்டக்காரர்தான் என்று பங்குத் தந்தை உறுதி சொன்னார். புகைப்படம் மட்டும் வேண்டும் என்றார்கள். ஸ்டூடியோக்காரர் கரைக்கே வந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்ற விதியைக் கடலுக்காகத் தளர்த்தினார்கள்.

எட்வின் சார் ததேயுவின் வீட்டுக்கு வந்து தானே விஷயத்தைச் சொன்னார்.

"முட்டு எப்படி இருக்கு?"

"மழை வந்தா மட்டும் வலிக்கும் சார்."

"பெஞ்சில இரு. ஒன்னை நான் கைவிடமாட்டேன். ஆனா சட்டைய அதுக்குக் குடுக்கணும்."

ததேயுவின் மனைவி பிலோமி சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். கடல் வாங்கிக்கொண்டது. மறுநாள் பயிற்சிக்கு அது போட்டுக்கொண்டு வந்தபோது தோளில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

சங்கடம் என்னவென்றால், ததேயுவும் கடலும் தினமும் வேலையில் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்பெல்லாம் வள்ளத்தைத் தள்ளும்போது அவன் ஏதாவது பேசிக்கொண்டே தள்ளுவான். வீட்டுக் கதை, மாமனார் கதை, டீசல் விலை. இப்போது வாய் திறக்காமல் தள்ளினான், வாய் திறக்காமல் வலை விரித்தான். மீன் நிறையக் கிடைத்தால் அது தன்னைத் தாஜா பண்ணப் பார்க்கிறது என்று தோன்றியது. குறைவாகக் கிடைத்தால் திமிர் என்று தோன்றியது.

பிலோமி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அது ஒங்ககிட்ட வம்புக்கா வந்துது?"

"வரல."

"பின்ன என்ன, அதுக்க மூஞ்சியப் பாத்துப் பேசவேண்டியதுதானே."

"மூஞ்சி எந்தப் பக்கம்னு தெரிஞ்சா பேசமாட்டேனா?" என்றான் ததேயு. அதற்குமேல் மீனில் முள் எடுப்பதுபோல் குனிந்துகொண்டான்.

கடல் நன்றாக ஆடியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ததேயுவுக்கே அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பந்தை வாங்கிக்கொண்டு முன்னால் போகும். பிறகு பின்வாங்கும். எதிரணி ரைட் பேக் அவ்வளவுதான் என்று மூச்சு விடும்போது மறுபடி வந்து, முன்பைவிட ஒரு எட்டு கூடுதலாகப் போயிருக்கும். அவசரமே கிடையாது. பந்து பறிபோனாலும் கோபப்படாது. கிளீட்டஸ் கோல் மேல் கோல் போட்டான். கிளப் பட்டியலில் மெல்ல மேலே ஏறியது.

வெளியூர் ஆட்டங்களுக்கு மற்றவர்கள் வேனில் போனார்கள், கடல் மட்டும் மீன் லாரிகளில் போனது. ஏறி முடிக்க நேரமாகும் என்பதால் விடியும் முன்பே புறப்பட்டுவிடும். அந்த நாட்களில் தாழந்துறையில் கடல் இருக்காது. வள்ளங்கள் மணலில் சாய்ந்து கிடக்கும். பங்குத் தந்தை வெளியூர் ஆட்டம் உள்ள நாட்களைத் தொழில் விடுமுறையாக அறிவித்தார். பெண்கள் கடல் கிடந்த பள்ளத்தின் அடிவரை இறங்கிப்போய் மிளகாய் காயப்போட்டார்கள். கல்யாணமான புதிதில் தொலைத்த ஒற்றைக் கம்மலைத் தேடிப் போன பிலோமி, பக்கத்து வீட்டு லில்லியின் இட்லிக் கொப்பரையைக் கண்டெடுத்து வந்தாள். சாயங்காலம் லாரிகள் திரும்பும்போது ஊரே கரையில் நின்று ஸ்கோர் கேட்கும். ஜெயித்திருந்தால் கடல் இறங்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தோற்றிருந்தால் யாரையும் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொள்ளும்.

எதிரணிகளும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஊரில் அணை கட்டிப் பழகிய இன்ஜினீயர் ஒருவரை ரைட் பேக்காகப் போட்டிருந்தார்கள். அவர் மணல் மூட்டைகளோடு களத்தில் இறங்கினார். மூட்டைகள் எதுவும் ஆட்டக்காரராகப் பதிவாகவில்லை என்று நடுவர் அவற்றை வெளியே அனுப்பினார். இன்ஜினீயர் தனியாக நின்று முடிந்தவரை தடுத்தார். ஆட்டம் முடிந்ததும் கடலோடு கைகுலுக்கிவிட்டுச் சட்டையைப் பிழிந்துகொண்டே போனார்.

சீசனின் நடுவில் கடல் ஒரு மஞ்சள் அட்டை வாங்கியது. இடைவேளையில் இரண்டு அணிக்கும் வைத்திருந்த எலுமிச்சம்பழத் துண்டுகளை அது தொட்டுவிட்டது, எல்லாம் உப்பாகிவிட்டன. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் இன்னொன்று. கடைசி நிமிடத்தில் தானே ஒரு கோல் போட்டுவிட்டு, சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி வீசிவிட்டது. இரண்டு மஞ்சள் வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் ஆடக்கூடாது என்பது லீக் விதி.

அடுத்த ஆட்டம்தான் கடைசி ஆட்டம், தாழந்துறையிலேயே, கரடிமலை கிளப்போடு. கரடிமலைக்குச் சமநிலை போதும், யாகப்பர் கிளப் ஜெயித்தே ஆக வேண்டும். ஒரு கிளப்தான் மேலே போகும். கிளீட்டஸுக்கும் இன்னும் சிலருக்கும் கல்ஃப் விசா வந்திருந்தது. முதல் டிவிஷன் என்றால் பயணத்தைத் தள்ளிப்போட்டு ஊரிலேயே இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த வருஷம் ஏறாவிட்டால் அடுத்த வருஷம் ஏற ஆளிருக்காது.

"ததேயு, நீதான்," என்றார் எட்வின் சார்.

சீசன் முழுக்க அவன் காத்திருந்த வார்த்தை அது. வீட்டுக்குப் போய் முட்டுக்கு எண்ணெய் போட்டான். பிறகு அந்தக் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை தனியாக வள்ளத்தில் போனான். கரை சின்னதாகத் தெரியும் தூரம் வந்ததும் எஞ்சினை நிறுத்தினான்.

"நாளைக்கு நான் ஆடுகேன்," என்றான்.

கடல் கேட்டுக்கொண்டது.

"ஒனக்குப் பதிலா. கொஞ்சம் பயமா இருக்கு. வேற யாருட்ட சொல்ல."

அதைச் சொன்ன பிறகு அவன் வலையைப் போட்டான். அன்று ஒரு மீன்கூட விழவில்லை. மறுபடி போட்டான், ஒன்றுமில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படு என்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினான். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினான்.

தடை செய்யப்பட்டவர் கோட்டின் பக்கம் நிற்கக் கூடாது என்று லீக் அதிகாரி சொல்லிவிட்டதால், ஆட்டத்தன்று கடல் கேலரியில் உட்கார்ந்தது. அதற்கு இடம் விட்டு, மற்றவர்கள் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். இடதுபக்கம் வானம் தொடும் இடம்வரை வெறும் ஈரமணல்.

கரடிமலையின் ரைட் பேக் ஒச்சப்பன் என்ற நெட்டையன். ஒரு வாரமாக ஊர்க் கிணற்றில் இறங்கிப் பயிற்சி எடுத்திருந்தான். ததேயு எதிரே வந்து நின்றதும் அவனுக்கு முகம் வாடிவிட்டது.

"கடல் வரலையா அண்ணே?"

"அதுக்குத் தடை."

"நீச்சல் கத்துக்கிட்டுல வந்தேன்."

"கேலரியில இருக்கு தம்பி. ஆட்டம் முடிஞ்சதும் காட்டு. அது பாக்கும்."

ஒச்சப்பன் கொஞ்சம் தேறினான்.

முதல் பாதி சரியாகப் போகவில்லை. ததேயு பந்து கிடைத்ததும் பழைய நினைப்பில் தலைதெறிக்க ஓடினான். பந்து ஒச்சப்பனிடம் போனது. மறுபடி ஓடினான், மறுபடி போனது. கரடிமலை ஒரு கோல் போட்டது. இடைவேளையில் முட்டு பொறுக்க முடியாமல் துடித்தது. எட்வின் சார் ஒரு எலுமிச்சைத் துண்டை அவன் கையில் வைத்தார். அதைச் சப்பிக்கொண்டே அவன் கேலரியைப் பார்த்தான். கடல் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் முன்னால் சாய்ந்தது, பின்னால் சாய்ந்தது. பதற்றத்தில் இருக்கிறது போல. ததேயு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். விசில் ஒலித்தது.

இரண்டாம் பாதியில் அவன் ஓடவில்லை. பந்தோடு முன்னால் போனான், பின்வாங்கினான். ஒச்சப்பன் கூடவே வந்தான், திரும்பினான். ததேயு மறுபடி போனான், இம்முறை ஒரு எட்டு கூடுதலாக. மறுபடி பின்வாங்கினான். முட்டுக்கும் அது பிடித்திருந்தது. ஒருமுறை ஒச்சப்பன் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். அப்போது ததேயு கோட்டோரம் போய்ப் பந்தைத் தூக்கிப் போட, கிளீட்டஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று.

கேலரியில் பெரிய அலை எழுந்தது. முன்வரிசைக்காரர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஆட்டக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று லைன்ஸ்மேன் போய் எச்சரித்துவிட்டு வந்தார்.

நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. கரடிமலை முழுவதும் கோலுக்கு முன்னால் வந்து நின்றது. ததேயு போனான், வந்தான். போனான், வந்தான். கடைசியாக ஒருதரம் போனபோது திரும்பவில்லை. இடதுகாலால் பந்தைத் தள்ளினான், அடி என்று சொல்ல முடியாது. ஆள்களின் கால்களுக்கு நடுவே பந்து அவசரமில்லாமல் உருண்டது. கோட்டைத் தொட்டது. கொஞ்சம் உள்ளே போய், அங்கேயே நின்றது.

அதன்பிறகு நடுவர் ஆட்டத்தை மறுபடி தொடங்கி, உடனே முடித்தார்.

எல்லோரும் கிளீட்டஸைத் தூக்கினார்கள், எட்வின் சாரைத் தூக்கினார்கள், நாற்காலியோடு. ததேயு மைதானத்தின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். பிலோமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேலரியிலிருந்து கடல் இறங்கி வந்தது. வழியில் ஒச்சப்பனை நீந்தவிட்டு, ஒரு நிமிடம் பார்த்தது. பிறகு ததேயுவிடம் வந்து, அவனுடைய வீங்கிய முட்டுவரை ஏறி, அப்படியே நின்றது. நல்ல குளிர்ச்சி. அவன் அதனிடம் டீசல் விலை ஏறிய கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

"ரெண்டுபேரும் ராத்திரி இங்கேயே இருக்கப் போறீங்களா?" என்று பிலோமி கேட்டாள்.

முதல் டிவிஷனுக்கு எட்வின் சார் புதுக் கணக்குப் போட்டார். கடல் வற்றும் நேரத்தில் ததேயு, ஏறும் நேரத்தில் கடல். இருவருக்கும் அது சம்மதமாக இருந்தது. சட்டை ஒன்றுதான் என்பதால் மாற்றும்போது பிழிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் கவலையெல்லாம் ஸ்டாப்பர் இடத்தைப் பற்றியது. முதல் டிவிஷனில் பெரிய பெரிய ஃபார்வேர்டுகள் வருவார்கள், நடுவில் நின்று தடுக்க உறுதியான ஆள் வேண்டும். பலரைப் பார்த்தார், யாரும் பிடிக்கவில்லை. ஒரு புதன்கிழமை பயிற்சி முடியும் நேரம் வெள்ளிக்கிழமை வந்து, மைதானத்தின் ஓரத்தில் அடக்கமாக நின்றது.

"முன்ன எங்கயாவது ஆடியிருக்கியா?" என்று எட்வின் சார் கேட்டார்.

"கிளப்புக்கு ஆடினதில்ல சார்," என்றது வெள்ளிக்கிழமை. "நடுவுல நின்னு தடுத்துப் பழக்கம் உண்டு. இதுவரைக்கும் ஒரு வியாழக்கிழமைகூட என்னைத் தாண்டி சனிக்கிழமைக்குப் போனதில்ல."

எட்வின் சார் ததேயுவைப் பார்த்தார். ததேயு தலையசைத்தான். தன்னுடைய பழைய பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தான், அளவு சரியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் பயிற்சியில் இருந்ததால், அந்த வாரம் வியாழனுக்கு மறுநாள் சனி வந்தது. பிலோமி வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்து வைத்திருந்த சாளை மீனை அன்று காலையிலேயே குழம்பு வைத்தாள்.