குடிக்காதவளின் மூச்சு

ஷாஸியா சரக்கு விமானம் ஓட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது தெருவில் சிரித்தவர்கள் உண்டு. "ஆள் ஏத்தற பிளேன் கிடைக்கலியா, மூட்டை ஏத்தறதுதான் கிடைச்சுதா?" என்றார்கள்.

"மூட்டை ஜன்னல் சீட்டு கேக்காது, வாந்தி எடுக்காது. எனக்கு அதுவே போதும்" என்பாள் அவள்.

அவள் அப்பா ஹபீபுல்லா, பட்டுத் தறிகளுக்கு டிசைன் அட்டை குத்துபவர். அட்டையில் ஓட்டை தவறினால் புடவையில் மயிலுக்குக் கால் தவறும். அந்தக் கவனம் மகளுக்கும் வந்திருந்தது. லைசென்ஸ் வாங்கிய பிறகு பயணிகள் விமானக் கம்பெனிகள் எதுவும் அவளைக் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு சரக்கு விமானக் கம்பெனி பயிற்சித் துணை விமானியாக எடுத்துக்கொண்டது. சிமுலேட்டர் தேர்வு முடிந்தது. மூத்த கேப்டன்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் பயிற்சியும் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு தேர்வுப் பறப்புதான் பாக்கி. அதில் தேறினால் வேலை நிரந்தரம்.

அந்தத் தேர்வுக்கு முன்னால் லீவில் வீட்டுக்கு வந்தவளை இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பு சரியில்லை என்று கம்பெனிக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தேர்வு தள்ளிப்போகும். அவள் சொல்லவில்லை. கம்பெனி டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் போடக் கூடாது என்பது விதி. ஆகவே மாத்திரையும் போடவில்லை. அவள் இருமிக்கொண்டிருப்பது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளுக்குக் கேட்டது.

தில்லையம்மாள் நெசவாளி வீட்டுப் பெண். பட்டு நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவள். அவளுடைய ஒரே மகன் ஜெயக்குமார் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, கல்யாண வயதில் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் கை சும்மா இருந்ததில்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி, யாருக்குச் சளி என்றாலும் கஷாயம். கடவுள் ஒரு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டால் மறு கையைத் திறந்து விடுகிறார் போலும். அப்படித் திறந்த கை அவளுடையது.

தேர்வன்று காலை, கார் வாசலில் நிற்கும்போது ஒரு பிளாஸ்க்கோடு ஓடி வந்தாள். "சுக்கு, மொளகு, தூதுவளை. வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கினே போ. தொண்ட அடங்கிடும்" என்றாள்.

"பெரிம்மா, நீ மட்டும் இல்லன்னா எங்கம்மா என்ன இருமியே சாவ விட்டிருக்கும்" என்று சிரித்தபடி ஷாஸியா வாங்கிக்கொண்டாள்.

வழியெல்லாம் குடித்தாள். இதமாக இருந்தது. விமான நிலையத்தில் பறப்புக்கு முன் எல்லா விமானிகளும் ஊத வேண்டிய கருவியில் அவளும் ஊதினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். கருவி கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தாள். பிறந்ததிலிருந்து சாராயம் வாசலைத் தாண்டாத வீட்டுப் பெண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். இன்னொரு கருவியில் மறுபடியும் ஊத வேண்டும். உட்கார்ந்திருந்தபோது பயத்தில் தொண்டை வறண்டு இருமல் வந்தது. வீட்டுக் கஷாயம்தானே என்று பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு வாய் குடித்தாள்.

இரண்டாவது கருவியிலும் சிவப்புதான் எரிந்தது.

அன்று அந்த விமானம் வேறொரு துணை விமானியோடு போயிற்று. அவளுடைய லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். அது எல்லோருக்குமான சட்டம். பயிற்சியில் இருப்பவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைக் கம்பெனி விசாரித்துச் சொல்லும் என்றார்கள். அவளுக்குப் பயிற்சி கொடுத்த கேப்டன் தேவிப்ரியா மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். "நீ குடிக்கறவ இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா என் நம்பிக்கைய வச்சு அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அன்னிக்கு என்ன சாப்பிட்ட, யார் குடுத்தா, எல்லாம் யோசிச்சுப் பாரு. காரணம் கிடைச்சா எடுத்துக்கினு வா."

சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பாசில், தூரத்து உறவு. அவன் தன் வீட்டில் சொன்னான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் செய்தி அவர்கள் குடியிருந்த மசூதித் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பைலட் பெண் குடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டாளாம். தொழுகை முடிந்து திரும்பிய ஹபீபுல்லா அட்டையை எடுத்து வைத்துக் குத்த ஆரம்பித்தார். ஒரு வரிசையை முழுக்கத் தப்பாகக் குத்தினார். பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு தடவ கேக்கறேன்மா. நீ இல்லன்னு சொன்னா இல்ல."

"இல்லப்பா."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தப்பான அட்டையைக் கிழித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆனாலும் வெற்றிலைக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஷாஸியா யோசித்து யோசித்துச் சலித்துப்போனாள். கஷாயத்தைக்கூட நினைத்துப் பார்த்தாள். சுக்கிலும் மிளகிலும் என்ன இருக்கப் போகிறது?

இருமல் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் தில்லையம்மாள் மறுபடி டம்ளரோடு வந்தாள்.

"அன்னிக்கு ஊத்தனத விட அரிஷ்டம் இன்னிக்குத் தூக்கலா ஊத்திருக்கேன். இதுக்கும் அடங்கலன்னா அது இருமலே இல்ல" என்றாள்.

டம்ளர் ஷாஸியாவின் கையில் அப்படியே நின்றது. பயிற்சி வகுப்பில் படித்த பாடம் வரி மாறாமல் நினைவுக்கு வந்தது. வாய் கொப்பளிக்கும் திரவம், ஹோமியோபதிச் சொட்டு, அரிஷ்டம், ஆசவம். மூலிகையை வெல்லத்தோடு ஊறப்போட்டுப் புளிக்க வைப்பதால் அரிஷ்டத்தில் ஆல்கஹால் தானாகவே உண்டாகும். பறப்பவர்கள் தொடவே கூடாது.

"இருக்கட்டும் பெரிம்மா, ஆறட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

தில்லையம்மாள் போனதும் அம்மா நசீம் பானுவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். "யா அல்லா! நம்ம வீட்டுக்குள்ளயா?"

"தெரியாம குடிச்சதுக்கு குனாஹ் இல்ல, பாவம் சேராது" என்றார் ஹபீபுல்லா. பல நாளைக்குப் பிறகு அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. "காரணம் கிடைச்சிடுச்சுல்ல, போய்ச் சொல்லு."

"சொன்னா போதாதுப்பா. குடுத்தவங்க வந்து பேசணும். இல்லன்னா நானே கத கட்றேம்பாங்க."

சாராயத்துக்கு மகனைக் கொடுத்தவளிடம் போய், உன் கையாலேயே அதை எனக்கு ஊற்றிக் கொடுத்தாய் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஷாஸியாவுக்குக் கோபமும் இருந்தது. என் இத்தனை வருட உழைப்பு, நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுந்து போனாள். தில்லையம்மாள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் ஜெயக்குமாரின் படம்.

"வாம்மா. காலைல குழாயடில ஜெயம்மாள ஒரு புடி புடிச்சேன் பாரு" என்றாள் தில்லையம்மாள், கையை நிறுத்தாமல். "உன்னப் பத்தி இன்னாமோ பேசிக்கினு இருந்தா. குடிகாரன் வாசம் உனக்குத் தெரியுமாடின்னு கேட்டேன். பத்து வருசம் அதுலயே சோறு தின்னவ நானு. அந்தப் பொண்ணு மேல அந்த வாசம் வந்ததே இல்ல, என் புள்ள மேல சத்தியம்னு சொன்னேன். வாய மூடிக்கினா."

ஷாஸியா சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினாள். தன் வேலை போனால் போகட்டும் என்று அவள் முடிவு செய்துவிடவில்லை. அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

முடிந்தவள் நசீம் பானு. அன்று சாயங்காலம் சுவரோரம் நின்று, அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பக்கம் ராட்டைச் சத்தம் நின்றது.

விசாரணையன்று விடிந்ததும் ஷாஸியா கதவைத் திறந்தாள். தில்லையம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் புடவை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒயர் கூடை. கண்கள் வீங்கியிருந்தன.

"நானும் வர்றேன்."

"பெரிம்மா..."

"ஒண்ணும் பேசாத. பஸ்ஸு போயிடும்."

கம்பெனி அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேப்டன் ராமராஜன். தில்லையம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. அரிஷ்டப் புட்டியை மேசைமேல் வைத்தாள்.

"இதுல சாராயம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. எம்புள்ளைக்கும் சின்னதுல சளி புடிச்சா இதத்தான் குடுத்தேன்." அங்கே நிறுத்தினாள். அந்த வாக்கியம் அவளுக்குள் எங்கெங்கோ போய் வந்தது தெரிந்தது. "இவ ஒண்ணும் அறியாதவ. தப்பு பண்ண கை இது. எழுதிக்கோங்க."

ராமராஜன் எழுந்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. "அம்மா, நீங்க சொல்றத நாங்க நம்பறோம்" என்றார். பிறகு ஷாஸியாவைப் பார்த்தார். "தெரிஞ்சு குடிக்கலன்னு எழுதிடறேன். அதனால வேற எங்கயும் உனக்குக் கதவு மூடாது. ஆனா உடம்பு சரியில்லாம டூட்டிக்கு வந்திருக்க. என்னன்னு தெரியாதத குடிச்சிருக்க. மொத டெஸ்டுக்கு அப்புறமும் குடிச்சிருக்க. பயிற்சில இருக்கற ஆள இதுக்கு மேல வச்சுக்க விதி இடம் குடுக்கல."

அவர் சொன்ன மூன்றும் உண்மை. ஷாஸியா தலையாட்டினாள். வாசல்வரை வந்த தேவிப்ரியா அவளைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஊர்கள் போயின. ஷாஸியா அழவில்லை. மூன்று மாதம் கழித்து யாரிடம் போய் நிற்பது என்று நினைத்தாள். எந்தக் கம்பெனியும் முதலில் கேட்கப் போவது இதைத்தான். பக்கத்தில் இருப்பவள்மேல் இன்னும் கோபம் இருந்தது. அது அநியாயமான கோபம் என்பதும் தெரிந்தது.

வாலாஜாபாத் தாண்டியதும் இருமல் வந்தது. தில்லையம்மாளின் கை, பழக்கத்தில், ஒயர் கூடைக்குள் போயிற்று. பாதியில் நின்றது. வெறுங்கையாகவே வெளியே வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. தில்லையம்மாள் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

ஷாஸியா அதைப் பார்த்தாள். தன் வேலை போயிற்று, அதைத் திருப்பித் தர இந்தப் பஸ்ஸில் யாராலும் முடியாது. ஆனால் இந்தக் கை இப்படியே மடியில் தங்கிவிட்டால், நாளைக்கு இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை இருமும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

"கூடைல என்ன பெரிம்மா?"

"ஒண்ணுமில்ல."

"பசிக்குது."

"எறங்கனதும் ஓட்டல்ல தின்னும்மா. என் கையால வேணாம்."

"இன்னா போட்டு செஞ்சன்னு சொல்லு. கேட்டுட்டுத் தின்றேன். இனிமே எல்லார்கிட்டயும் அப்டித்தான்."

தில்லையம்மாள் கூடையிலிருந்து டப்பாவை எடுத்து, திறக்காமலேயே, நீதிபதி முன்னால் நிற்பவள்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எலுமிச்ச சாதம். சோறு, எலுமிச்சம்பழம், மஞ்சத்தூளு. கடுகு, கடலப்பருப்பு, பச்ச மொளகா. நல்லெண்ண." டப்பா மூடியைத் திறந்தாள். "பெருங்காயம் போட்டிருக்கேன். அதுல ஏதாச்சும் இருக்குமாம்மா?"

"இல்ல பெரிம்மா. பெருங்காயத்துல ஒண்ணும் இல்ல."

ஷாஸியா பிஸ்மில்லா சொல்லி ஒரு கவளம் வாயில் போட்டாள். உப்பு கொஞ்சம் அதிகம். பெரிம்மா அழுதுகொண்டே கிளறியிருப்பாள். அதைச் சொல்லாமல் ஷாஸியா இன்னொரு கவளம் எடுத்தாள்.