அடியில் கிடக்கும் பிரதி

எங்கள் குழுப் பையன் பைடிராஜு என் மேசையில் டீயை வைத்துவிட்டு, திரையை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அக்கா, வீட்ல இருக்கற சாமானையெல்லாம் வெளிய எடுத்து, திரும்ப அதே வீட்ல அதே எடத்துல வைக்கறதுக்கு இத்தனை நாளா? எங்க பெரியம்மா ஒரே நாள்ல முடிச்சிடுவா. நடுவுல எங்க எல்லாரையும் திட்டவும் அவளுக்கு நேரம் இருக்கும்."

கேலியாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னான். ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்துச் சிற்றூர்களில் எடுக்கும் ஸ்கேன் படங்கள், விசாகப்பட்டினத்தில் ருஷிகொண்டா மேட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் வழியாகத்தான் கிளவுட் கிடங்குக்குப் போகின்றன. நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றின் டாக்டர்கள் அவற்றைத் திறந்து பார்த்து முடிவு எழுதுவார்கள். ஒவ்வொரு கோப்பும் பூட்டப்பட்டே கிடக்கும். இதுவரை சாவி எங்களிடம் இருந்தது. இனிமேல் தங்கள் கையில் இருக்கும் சாவியால்தான் எல்லாம் பூட்டப்பட வேண்டும், பழைய சாவி அழிய வேண்டும் என்று மருத்துவமனை கேட்டிருந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் பூட்டு மாறிவிடும் என்று நினைப்பார்கள். மாறாது. அந்த வரி இனி வரப்போகும் கோப்புகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே உள்ளே கிடப்பவை பழைய பூட்டோடு அப்படியே கிடக்கும். அவற்றை மாற்ற ஒரே வழி, ஒவ்வொன்றையும் பழைய சாவியால் திறந்து, புதிய சாவியால் பூட்டி, அதே பெயரில் அதே இடத்தில் திரும்ப வைப்பது. அதாவது ஒரு கோப்பைத் தன் மேலேயே நகலெடுப்பது. எனக்கு இதில் ஒரு தீராத ஆச்சரியம் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எதுவுமே நடக்கவில்லை. உள்ளே எல்லாம் நடந்திருக்கிறது.

அன்று அந்த ஆச்சரியத்துக்கு இடமில்லை. ஹைதராபாத்திலிருந்து ஆடிட்டர் நுஸ்ரத் மேடம் காலையிலேயே வந்து கூட்ட அறையில் உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் பழைய சாவியில் ஒரு கோப்புகூட மிச்சமில்லை என்று அவர் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனை எங்களை விட்டுப் போனால் அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும். நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். ஜன்னலில் கடல் தெரிந்தது. அதுவும் அன்று ஓர் இடத்தில் நிற்கவில்லை.

"டீ ஆறுது," என்றான் பைடிராஜு. "அப்புறம், கீழ ஒருத்தர் உன்னைக் கேட்டு வந்திருக்காரு. பாலகொண்டால இருந்து. செக்யூரிட்டி உள்ள விடல. பேரு அப்பலநாயுடு."

பெயரைக் கேட்டதும் குரல்தான் நினைவுக்கு வந்தது. பாலகொண்டா ஸ்கேன் மையத்தின் டெக்னீஷியன். படம் பாதியில் நின்றால், கரண்ட் போனால், லைன் அறுந்தால் எனக்குப் போன் செய்வார். நேரில் பார்த்ததே இல்லை. கீழே வரவேற்பறையில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு ஒல்லியான மனிதர் உட்கார்ந்திருந்தார். நான் பேசியதும் சட்டென எழுந்தார்.

"சர்வாணி மேடமா? போன்ல கேக்கறப்போ நீங்க ரொம்ப உசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க குண்டா இருப்பீங்கன்னு நான் நெனச்சேன். என்ன அண்ணா, இவ்வளவு தூரம் வண்டியிலயா வந்தீங்க?"

"பஸ்ல உக்கார முடியல மேடம். எதையாவது ஓட்டிட்டே இருக்கணும் போல இருந்தது."

சொல்ல ஆரம்பித்தார். போன மாதம் ஒரு பெண் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வந்தாள். பேசிக்கொண்டேதான் வந்தாளாம். இவர் தலையை ஸ்கேன் எடுத்து, அன்று மாலையே அனுப்பிவிட்டார். மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த டாக்டர் அதைப் பார்க்கவில்லை; அது திறக்கப்பட்டது மறுநாள் மதியம்தான். அதற்குள் விடிகாலையிலேயே அவள் இறந்துவிட்டாள். படமே மறுநாள்தான் வந்தது, டெக்னீஷியன் எடுத்துவிட்டு அனுப்பாமல் வீட்டுக்குப் போய்விட்டான் என்று மருத்துவமனை சொல்கிறது. மையம் இவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. அடுத்த வாரம் விசாரணை.

"அவ புருஷன் எங்க தெருவுக்கு ரெண்டாவது தெரு," என்றார். "நேத்து எதிர்ல வந்தான். ஒரு வார்த்தை பேசல. நான் அன்னிக்கே ஏத்திட்டேன்மா. உங்க எடத்துல நேரம் பதிவாயிருக்கும்ல?"

"இருக்கும்," என்றேன் உறுதியாக. "இதோ பாத்துட்டு வர்றேன்."

படிகளில் ஏறும்போதே மனதுக்குள் விளக்கம் ஓடியது. டாக்டர்கள் பார்க்கும் மென்பொருளில் ஒரு நேரம் இருக்கும்; அது படம் திறக்கப்பட்ட நேரம். அதனால்தான் மருத்துவமனை மறுநாள் மதியம் என்கிறது. ஸ்கேன் மிஷின் படத்துக்குள்ளேயே ஒரு நேரம் எழுதும். அது எடுத்த நேரம், அனுப்பிய நேரம் இல்லை. சர்வர் குறிப்புகளை நாங்கள் கொஞ்ச நாளுக்கு மேல் வைப்பதில்லை. மிச்சம், கிளவுட் கிடங்கு தானாகக் குறித்துக்கொள்ளும் தேதி. ஒரு கோப்பு உள்ளே வைக்கப்பட்ட கணம். அதை யாரும் கையால் திருத்த முடியாது, நான்கூட. அதனால்தான் அது சாட்சி.

படத்தைத் தேடி எடுத்தேன். தேதி: இன்று காலை.

நான் ஓடவிட்டிருந்த நகலெடுப்பு பாலகொண்டாவின் கோப்புகளைக் கடந்து போய்விட்டிருந்தது. தன் மேலேயே நகலெடுக்கும்போது கோப்பு புதிதாக உள்ளே வைக்கப்படுகிறது. புதிதாக வைத்தால் புதிய தேதி. இது எனக்குத் தெரியாததல்ல. வேலை ஆரம்பிக்கும் முன் எல்லோருக்கும் நான்தான் பலகையில் வரைந்து விளக்கினேன். தேதி மாறும், அதனால் யாருக்கும் ஒன்றுமில்லை என்றும் நான்தான் சொன்னேன். காலையில் பாலகொண்டாவின் பெயர் திரையில் ஓடியபோது வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் கிடங்கு பழையதைத் தூக்கி எறிவதில்லை. ஒரே பெயரில் புதிது வரும்போது பழையதைக் கீழே தள்ளி அடியில் வைத்துக்கொள்ளும். அடியில் தேடினேன். இருந்தது. பழைய பூட்டோடு, பழைய தேதியோடு, அந்தப் பெண் உயிரோடு இருந்த மாலையில்.

அதை எடுத்து வேறெங்காவது பத்திரப்படுத்தலாம் என்று கை போனது. பாதியில் நின்றேன். எடுத்து எங்கே வைத்தாலும் அது இன்று வைத்ததாகிவிடும். திரையைப் படம் பிடிக்கலாம். அப்படி ஒரு படத்தை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்று எந்த வக்கீலும் சொல்வார். அந்தத் தேதியை நகர்த்த முடியாது. அது கிடக்கும் இடத்திலேயே கிடக்க வேண்டும். ஆனால் நகலெடுப்பு முடிந்ததும் அடியில் கிடக்கும் பழைய பிரதிகளையெல்லாம் துடைக்கும் வேலை தானாக ஆரம்பிக்கும். அதன் பிறகு பழைய சாவியை அழிக்கச் சொல்லி எங்கள் மேலாளர் யுகந்தர் பொத்தானை அழுத்துவார். அழுத்திய கணமே சாவி செயலிழக்கும். சில நாள் அவகாசத்துக்குப் பின் அது உலகத்திலேயே இருக்காது. விசாரணைகள் சில நாளில் முடிவதில்லை.

கீழே போய், "இருக்கு," என்றேன். அப்பலநாயுடு கண்ணை இறுக மூடித் திறந்தார். "அப்போ குடுத்துடுங்கம்மா."

"குடுக்க முடியாது அண்ணா. வெளிய எடுத்தா தேதி மாறிடும். பாக்கறவங்க இங்க வந்துதான் பாக்கணும்."

"இது என்னம்மா, உற்சவத்துக்குக்கூட வெளிய வராத சாமியா இருக்கு?" சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் இங்கயே உக்காந்திருக்கேன். போகச் சொல்லாதீங்க."

யுகந்தர் கெட்ட மனிதர் இல்லை. நுஸ்ரத் மேடத்துக்குப் பெசரட்டு தோசை வாங்கி வரச் சொல்லிவிட்டு நடைவழியில் நின்றிருந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"சர்வாணி, நம்ம வேலை பெட்டியைக் காக்கறது. உள்ள என்ன இருக்குன்னு பாக்கறது இல்ல. போலீஸ் கேக்கட்டும், கோர்ட் கேக்கட்டும், குடுப்போம்."

"அவங்க கேக்கறப்போ இருக்காதே அண்ணா."

"இன்னிக்கு இந்த வேலையைச் செய்யச் சொன்னது யாரு? அதே ஆஸ்பத்திரி. அவங்க சொன்னதுக்குப் பணம் வாங்கிட்டு, அவங்களுக்கு எதிரா ஒரு ஃபைலை ஒளிச்சு வைப்பியா?"

"ஒளிக்கல. எடுக்காம இருக்கணும்னு சொல்றேன். அந்த டாக்டர் நைட்ல பாக்காம விட்டதை மறைக்கத்தான் கீ மாத்தறாங்கன்னு நான் சொல்லல. அவங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காது. ஆனா நமக்கு இப்போ தெரியும்ல?"

"நமக்கு இல்ல, உனக்கு," என்றார். சொன்னதும் அவருக்கே பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "ஒரு ஃபைலுக்காக முழுக் கீயையும் உயிரோட வைக்கணும். அதைப் புரிஞ்சுக்கோ."

புரிந்தது. அதுதான் இதன் சிக்கலே. பெட்டி தப்பித்தாலும் சாவி போனால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்ட முடியாத ஒரு தேதி மட்டும் மிஞ்சும்.

என் இருக்கைக்கு வந்தேன். கிடங்கில் ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட ஒரு பிரதியின்மேல் ஒரு பிடியை வைத்தால், அந்தப் பிடி இருக்கும்வரை துடைக்கும் வேலையோ மனிதனோ அதை நீக்க முடியாது. வழக்குக்குப் போகக்கூடிய கோப்புகளுக்காகவே செய்த வசதி. கிடங்குக் குழுவில் யாரும் பிடியை வைக்கலாம். எடுப்பதற்கு யுகந்தரால்தான் முடியும். ஏன் அப்படி வைத்தோம் என்று ஒருமுறை பைடிராஜு கேட்டபோது, பாதுகாப்பது சுலபமாகவும் அழிப்பது கடினமாகவும் இருக்க வேண்டும் என்று நீளமாக விளக்கியிருக்கிறேன். இப்போது விரல் பொத்தான் மேல் இருக்கும்போது அந்த விளக்கம் எதுவும் துணைக்கு வரவில்லை. வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது, பக்கத்து மேசைகள் நினைவுக்கு வந்தன. அழுத்தினேன். பிறகு யுகந்தரிடம் போய், "பிடி வச்சுட்டேன் அண்ணா," என்று சொன்னேன். அவர் அதை எடுப்பதாகச் சொல்லவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் கூட்ட அறையில் இருந்தோம். சுவரில் பெரிய திரை. பழைய சாவியில் மிச்சமிருக்கும் பிரதிகளின் எண்ணிக்கை அருவிபோல இறங்கிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியின் நுனியில் இருந்தேன். எண்ணிக்கை நூறுகளில் தயங்கி, பத்துகளில் வந்து, ஒன்றில் நின்றது.

நுஸ்ரத் மேடம் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஜீரோ வரணும்."

யுகந்தர் என்னைப் பார்த்தார். "அது சர்வாணி வச்சது," என்றார். குரலில் பழியும் இல்லை, பரிவும் இல்லை.

நான் சொன்னேன். ஸ்கூட்டர், மாலை, மறுநாள் மதியம், தேதி ஏன் மாறியது, ஏன் நகர்த்த முடியாது. எப்போதும்போல அதிகமாகவே விளக்கினேன்.

"நான் ஆஸ்பத்திரி பக்கமும் இல்ல, அந்த ஆள் பக்கமும் இல்ல," என்றார் மேடம் கடைசியில். "கீயைப் பாக்க வந்தேன். ஒண்ணு நிக்குதுன்னா ஏன் நிக்குதுன்னு எழுதணும், இல்ல அது நிக்கக் கூடாது. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும், யுகந்தர் காரு. பிடியை எடுக்கறவர் நீங்கதானே?"

"ஆமா."

"அது திறக்குதா? இல்ல வெறும் பேரா?"

யுகந்தர் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழைய சாவியைத் தேர்ந்து அந்தப் பிரதியைத் திறந்தார். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு மண்டையோட்டின் வட்டம் சுவர் முழுக்க வந்து நின்றது. ஓரத்தில் சின்ன எழுத்தில் அந்த மாலையின் தேதி. அவர் சக்கரத்தை மெல்ல உருட்ட, அடுக்கடுக்காகத் தலை உள்ளே திறந்துகொண்டே போனது. ஓர் அடுக்கில் எலும்பை ஒட்டி மெலிதாக ஒரு வெள்ளைப் பிறை தோன்றியது. அடுத்ததில் தடித்தது. எங்களில் யாரும் டாக்டர் இல்லை. ஆனால் அது அங்கே இருக்கக் கூடாத ஒன்று என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நுஸ்ரத் மேடம் பேனாவின் மூடியைக் கழற்றி, யுகந்தர் சொல்லப்போவதை எழுதக் காத்திருந்தார். யுகந்தர் உருட்டுவதை நிறுத்தவில்லை. பிறை வளர்ந்து, தேய்ந்து, மறைந்தது. அவர் விரல் திசை மாறியது. அது திரும்பவும் வளரத் தொடங்கியது.